உங்க பங்கு மாத்திரை

ஆனைக்குட்டம்
2.9.2024

எழில் அப்பாவுக்கு,

முருகேஸ்வரி எழுதுறது. எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் ஆசை. எழில் சௌக்கியம், உங்க அம்மா சௌக்கியம். நான் இல்ல. அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

போன் இருக்கும்போது இது என்ன லெட்டருன்னு கேப்பீக. உங்க போன்ல ஸ்பீக்கர் போட்டாத்தான் சத்தமே கேக்கும். பக்கத்துல குடோன் ஆளுக மூணு பேரு உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாக. இங்கன போன் எழில் கையில. நான் பேச ஆரம்பிச்சா உங்க அம்மா அடுப்பங்கரைய விட்டுட்டு நடு வீட்டுக்கு வந்துருவாக. நான் சொல்லப்போறது அம்புட்டுக் காதுக்கும் ஆனது இல்ல. அதான் கம்பெனிப் பட்டாசு லோடு நாக்பூர் குடோனுக்குக் கிளம்புதுன்னதும் லாரி ஓட்டுற காமராஜ் அண்ணன் கையில குடுத்து விடுறேன். சாத்தூர் காராச்சேவு பொட்டலத்துக்கு அடியில மாத்திரை இருக்கு, பாத்து எடுங்க. சேவு எல்லாருக்கும். மாத்திரை உங்களுக்கு மட்டும்.

விசயம் இதுதான். நீங்க பங்குனிப் பொங்கலுக்கு வந்துட்டுப் போனீகள்ல, அதுக்குப் பெறகு சித்திரையில எனக்குக் கீழ அரிப்பும் வெள்ளைப்படுறதும் ஆரம்பிச்சது. நாத்தம் வேற. நான் ஃபேக்டரிச் சூடுன்னு விட்டுட்டேன். பூச்சட்டிக்குள்ள மருந்து அடைக்கிற ரூம்ல காலையில உக்காந்தா நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா ஒண்ணுக்கு வரும். கக்கூஸ் கேட்டுப் பக்கம் இருக்கு, போயிட்டு வாறதுக்குள்ள வேலை கெட்டுரும். அதனால எங்க ரூம் பொம்பளைக நாலு பேருக்குமே நீர்க்கடுப்பு உண்டு. எனக்கும் அதுதான்னு நெனச்சேன்.

வைகாசி கடைசியில தாங்க முடியாமத் திருத்தங்கல் டாக்டரம்மாகிட்ட போனேன். பரிசோதிச்சுப் பாத்துட்டு, ஒரே மாத்திரையில ரெண்டு பங்கு குடுத்தாக. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. ரெண்டு பேரும் ஒரே சமயத்துல சாப்பிடணும்னாக. நான் தலையாட்டிட்டு வந்தேன். நீங்க நாக்பூர்ல கிடக்கீக. உங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு நெனச்சேன். எங்க ரூம்ல ஒரு வழக்கம் இருக்கு. சீசன்ல ஆளாளுக்கு லீவு போட முடியாது, ஒருத்தி டாக்டர்கிட்ட போனா வாங்கிட்டு வந்ததை நாலு பேரும் பகுந்துக்குவோம். தைலம்னாலும் அப்படித்தான், காய்ச்சல் மாத்திரைன்னாலும் அப்படித்தான். உங்க பங்கை இசைவாணிக்கும் செவ்வந்திக்கும் பெரிய முத்தம்மாக்காவுக்கும் பிச்சுக் குடுத்துட்டேன். செவ்வந்தியத் தெரியும்ல, உங்க கூட குடோன்ல இருக்குற சங்கிலிமுத்து சம்சாரம்.

என் பங்கை நான் முழுசாச் சாப்பிட்டேன். நல்லாயிருச்சு. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும்னு நீங்க வந்தீக, ஒரு வாரம் இருந்தீக. நீங்க லாரி ஏறிப் போயி பத்து நாள் ஆகல, மறுபடி அதே அரிப்பு. இப்ப ஒண்ணுக்குப் போனா எரியுது, காய்ச்சலும் வந்துருச்சு. மறுபடி ஓடுனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் சாப்பிட்டாரா?" பகுந்து குடுத்ததைச் சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆம்பளைக்குப் பெரும்பாலும் வெளிய ஒண்ணும் தெரியாதாம், ஆனா உள்ள இருக்குமாம். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா இன்னொருத்தர்கிட்ட இருந்து திரும்ப வந்துருமாம். மறுபடியும் ரெண்டு பங்கு குடுத்திருக்காக.

யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு நான் கேக்கல. அந்தம்மாவும் சொல்லல. உங்களையும் கேக்கல. சாப்பிட்டா சரி.

காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஏழு நாள். சோறு தின்னுட்டுச் சாப்பிடணும். நல்லாயிருச்சுன்னு நடுவுல நிப்பாட்டக் கூடாது. முக்கியமா, அந்த ஏழு நாளும் அதுக்கப்புறம் மூணு நாளும் ஒரு சொட்டு சரக்குகூட ஆகாது. வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும்னு சொன்னாக. நான் இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கல. லெட்டர் உங்க கையில சேர வியாழக்கிழமை ஆகும்னு காமராஜ் அண்ணன் சொல்லுறாக. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் ஆரம்பிப்போம்.

முருகேஸ்வரி


நாக்பூர்
9.9.2024

முருகேசு,

லெட்டர் வந்துச்சு. காராச்சேவைப் பயலுக பிரிச்சுத் தின்னுட்டானுக. மாத்திரைய இதோட திருப்பி அனுப்பியிருக்கேன். எண்ணிப் பாத்துக்க.

எனக்கு எதுக்கு மாத்திரை? எனக்கு என்ன வந்துச்சு? பொம்பளைக்கு வாற நோய்க்கு ஆம்பளை மாத்திரை திங்கணும்னு எந்த ஊரு வைத்தியம் இது? இருபது வருசமா மூடை தூக்குறேன். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சது இல்ல. நீ ஃபேக்டரியில உக்காந்து தண்ணி குடிக்காமக் கெடுத்துக்கிட்டதுக்கு நான் பொறுப்பா?

நீ கேக்கலைன்னு எழுதியிருக்க. நான் கேக்கேன். இது ஒரு ஆளுகிட்ட இருந்து இன்னொரு ஆளுக்கு வாறதுன்னா, உனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சு? அம்மா போன்ல சொன்னாக. போர்மேன் லட்சுமிகாந்தம் பைக்ல ஏறித் திருத்தங்கல் போனியாமே. ஊரே பாத்துச்சாம். இதையெல்லாம் நீ லெட்டர்ல எழுதல பாத்தியா. மாத்திரை எப்படித் திங்கணும்னு மட்டும் வாத்தியார் மாதிரி எழுதியிருக்க.

சங்கிலிமுத்து பொண்டாட்டி வாயிலயும் இந்த மாத்திரையப் போட்டிருக்க. அவன் கேட்டா நான் என்ன சொல்ல?

கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் பண்ணாத. நானும் பண்ண மாட்டேன். எழிலுக்குப் பரிட்சைன்னா அம்மாவைப் பண்ணச் சொல்லு.

வேலுச்சாமி


ஆனைக்குட்டம்
14.9.2024

எழில் அப்பாவுக்கு,

திருப்பி அனுப்புனதைத் திருப்பி அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை சேவு கிடையாது.

பைக் கதைய முதல்ல முடிச்சுக்கிறேன். அன்னைக்கு எனக்கு உடம்பு நெருப்பாக் கொதிச்சது. பூச்சட்டிய அடைச்சுக்கிட்டே சாஞ்சுட்டேன். மருந்து ரூம்ல ஒருத்தி மயங்கி விழுந்தா போர்மேன் என்ன செய்வாரு, வேடிக்கையா பாப்பாரு? பைக்கை எடுத்தாரு. நடுவுல நான், பின்னாடி இசைவாணி என்னைப் பிடிச்சுக்கிட்டு. மூணு பேரா போனோம். உங்க அம்மா ரெண்டு பேருன்னு சொன்னாகளா? அப்ப இசைவாணி மட்டும் அவக கண்ணுக்குத் தெரியலையாக்கும். லட்சுமிகாந்தத்துக்கு மூணு பேத்தி இருக்கு. அந்த மனுசன் வாசல்ல நிப்பாட்டிட்டு, லோடு ஏத்தணும்னு திரும்பிப் போயிட்டாரு. இதுக்கு மேல அந்த ஆளைப் பத்தி ஒரு வார்த்தை எழுதுனீகன்னா நான் படிக்க மாட்டேன், அடுப்புல போட்ருவேன்.

எனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு கேட்டீக. எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். அந்த ஆளு நாக்பூர்ல மூடை தூக்குறாரு. நான் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன், நீங்க கேட்டதுனால சொல்லுறேன்.

இப்ப என் பாட்டைக் கேளுங்க. நீங்க மாத்திரைய எடுக்கல, ஆனா நான் சொன்னபடி அந்த வியாழக்கிழமையே ஆரம்பிச்சுட்டேன். டாக்டரம்மா காத்துக்கிட்டு இருக்காதன்னு சொன்னாக. நாலாவது நாளு உங்க அம்மா மாத்திரை அட்டையப் பாத்துட்டாக. எதுக்குன்னு கேட்டாக. சொன்னேன், பொய் சொல்லத் தெரியல. அன்னையில இருந்து எனக்குத் தனி டம்ளர். தனிச் சோப்பு. எழிலை என் பக்கத்துல படுக்க விடுறதில்ல, "அம்மா உடம்பு சரியில்ல, தொடாத"ன்னு சொல்லிட்டாக. ஒம்பதாங் கிளாஸ் படிக்கிற பிள்ளை, அதுக்கு என்ன புரிஞ்சுச்சோ தெரியல. நேத்து என் துணியத் தனியாத் துவைச்சுப் போட்டுச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. நான் இந்த வீட்டுல இம்புட்டு வருசமா உலை வச்சுப் போடுறேன்.

டாக்டரம்மாகிட்ட கேட்டேன். டம்ளர்ல ஒட்டாது, சோப்புல ஒட்டாது, கக்கூஸ்ல ஒட்டாதுன்னாக. வந்து உங்க அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப எதுலதான் ஒட்டும்?"னு கேட்டாக. பிள்ளை பக்கத்துல நிக்கி. நான் என்ன சொல்ல? குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போயிட்டேன்.

தீவாளிக்கு வருவீக. மாத்திரைய முழுசாச் சாப்பிட்டுட்டு வந்தீகன்னா இது உங்க வீடு. சாப்பிடாம வந்தீகன்னா அப்பவும் உங்க வீடுதான், ஆனா உங்க பாய் உங்க அம்மா பாய்க்குப் பக்கத்துல கிடக்கும். என்னால மறுபடி மறுபடி இந்த எரிச்சலைத் தாங்க முடியாது. கர்ப்பப்பைக்கு ஏறிருச்சுன்னா பெறகு பெரிய ஆஸ்பத்திரி, விருதுநகர், ஆபரேசன்னு அலையணும்னு அந்தம்மா சொல்லுறாக. என் உடம்பு, நான் சொல்லுறேன்.

முருகேஸ்வரி


நாக்பூர்
24.9.2024

முருகேசு,

லெட்டரைப் படிச்சேன். உனக்கு வாய் ரொம்பத்தான் நீளம்.

டம்ளர் விசயம் எனக்குத் தெரியாது. அம்மா அதைச் சொல்லல. அவக பழைய ஆளு, அப்படித்தான் இருப்பாக. நீ ஏன் அட்டைய அவக கண்ணுல படுற மாதிரி வச்ச?

ஒரு சந்தேகம். இது சங்கிலிமுத்து கேக்கச் சொன்னது. சரக்குப் போட்டுட்டு இந்த மாத்திரையத் தின்னா என்ன ஆகும்? தெரியாமத் தின்னுட்டான்னு வச்சுக்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு குவாட்டர் போட்டுட்டு மேலாக்க மாத்திரையப் போட்டவன், குடலே வெளிய வாற மாதிரி வாந்தி எடுத்தான். மூஞ்சியெல்லாம் சிவந்து, நெஞ்சு குதிரை மாதிரி ஓடுச்சு. செத்தேன்னு நெனச்சான். அப்புறம் ரெண்டு நாளா மாத்திரையும் இல்ல, சரக்கும் இல்ல. இப்ப அவன் விட்ட இடத்துல இருந்து திங்கணுமா, முதல்ல இருந்து திங்கணுமா? விட்டதுக்குச் சேத்து ரெண்டு ரெண்டாத் திங்கலாமா? டாக்டரைக் கேட்டு எழுது.

இங்கன லோடு மேல லோடா வந்து இறங்குது. ஆந்திராவுக்கு ஒரு ஆர்டர், ராய்ப்பூருக்கு ஒரு ஆர்டர். முதுகு கழண்டு போச்சு.

எழில் பரிட்சை எப்படி எழுதுனா?

வேலுச்சாமி


ஆனைக்குட்டம்
30.9.2024

எழில் அப்பாவுக்கு,

சங்கிலிமுத்துக்கு நான் மாத்திரை அனுப்பவே இல்ல. அப்புறம் எங்கன இருந்து எடுத்துத் தின்னுட்டு வாந்தி எடுத்தாரு? போகட்டும். வாந்தி எடுத்த "சங்கிலிமுத்து"க்கு இப்ப எப்படி இருக்கு? மூஞ்சி சிவப்பு இறங்கிருச்சா? எனக்குப் படிக்கும்போது சிரிப்பும் வந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா.

டாக்டரம்மாவைக் கேட்டேன். சேத்து ரெண்டாத் திங்கக் கூடாது. மறந்தா, ஞாபகம் வந்ததும் ஒண்ணு, அம்புட்டுத்தான். ஆனா ரெண்டு நாளு முழுசா விட்டவரு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாக. கணக்குக்குக் குறையக் கூடாதுன்னு புதுசா ஒரு பங்கு குடுத்தாக. இதோட வச்சிருக்கேன். பழைய மிச்சத்தைத் தூரப் போடுங்க. சரக்கு உடம்புல இருந்து போயி ஒரு நாளாவது ஆன பெறகு ஆரம்பிங்க. முடிச்ச பெறகும் மூணு நாளைக்குக் கடைப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீக.

நாக்குல ஒரு மாதிரி இருக்கும். அலுமினியப் பவுடர் வாயில போன மாதிரி. எனக்கு அது பழகுன ருசி, உங்களுக்குப் புதுசு. ஒண்ணுக்குக் கொஞ்சம் கருப்பாப் போனாலும் பயப்படாதீக. எங்க முத்தம்மாக்கா அதைப் பாத்துட்டுத்தான் ஃபேக்டரி கெமிக்கல் உள்ள இறங்கிருச்சுன்னு அலறி, ரெண்டோட நிப்பாட்டிட்டாக.

இங்கன ஒரு கூத்து நடந்துச்சு. இசைவாணிக்குக் குளிர் காய்ச்சல், இடுப்பு ஒடியிற மாதிரி வலி. தூக்கிட்டுப் போனோம். ஒண்ணுக்கை டெஸ்ட் பண்ணிட்டு, கடுப்பு கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னாக. நான் பகுந்து குடுத்த மாத்திரை அவளுக்குக் கேக்கவே கேக்காதாம். அவளுது தண்ணி குடிக்காம ஒண்ணுக்கை அடக்கி அடக்கி வந்தது. அது வேற கிருமி, அதுக்கு வேற மாத்திரை. என்னுது வேற. எரிச்சல் ஒண்ணு மாதிரி இருந்தா நோயும் ஒண்ணுன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். இப்ப ஊசி போட்டு எந்திரிச்சு உக்காந்துட்டா.

நாங்க மூணு பேரும் போயி லட்சுமிகாந்தத்துகிட்ட சண்டை போட்டோம். ரூமுக்கு ஒரு கேன் தண்ணி, மாத்தி மாத்தி வெளிய போயிட்டு வாறதுன்னு முடிவாயிருச்சு. முனகுனாரு, ஆனா ஒத்துக்கிட்டாரு. பேத்திக இருக்குல்ல.

செவ்வந்திதான் ஒரு மாதிரி இருக்கா. அவளுக்குக் கடுப்பு மட்டும் இல்லையாம், என்னை மாதிரியே அரிப்பும் இருக்காம். வெக்கப்பட்டுக்கிட்டு இத்தனை நாளும் சொல்லல. அவளை வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

எழில் கணக்குல தொண்ணூறு. உங்க அம்மா டம்ளரை இன்னும் மாத்தல. நீங்க சாப்பிட ஆரம்பிச்சீகன்னு தெரிஞ்சதே எனக்குப் பாதி வலி போன மாதிரி இருக்கு. முழுசா முடிங்க. பாய் எங்கன விரிக்கிறதுன்னு வந்த பெறகு பேசிக்கலாம்.

முருகேஸ்வரி


நாக்பூர்
9.10.2024

என் முருகேசு,

இப்ப சந்தோசமா? மாத்திரை திங்கேன். சரக்கு இல்ல. நாக்குல நீ சொன்ன மாதிரியே ஒரு வாடை. நீ இத்தனை வருசமா இந்த ருசியோடயா சோறு திங்க? பாவம் புள்ள நீ.

உனக்குத் தெரியாம என்ன, வாந்தி எடுத்தது நான்தான். சங்கிலிமுத்து தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். அப்பத்தான் என்ன மாத்திரைன்னு கேட்டான், சொன்னேன். அதுல ஒரு நல்லது நடந்துச்சு. அவன், "மாமா, எனக்கும் அதே எரிச்சல் இருக்கு, வெளிய சொல்லல"ன்னான். ரூம்ல இருக்குற மத்த ரெண்டு பேரும், "எங்களுக்கும்தான்"னானுக. பாத்தியா, நாலு பேருக்கும் ஒண்ணு போல. எனக்கு மட்டும் இல்லன்னு அப்பத்தான் நிம்மதியா இருந்துச்சு. நான் உன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதுனேன்ல, அது சும்மா. எனக்கும் அப்பப்ப எரியும். மூடை தூக்குற சூடுன்னு விட்டுட்டேன். ஹோலிக்கு இந்த ஊரு முதலாளி கையில காசு குடுத்து ஜாலியா இருங்கடான்னு அனுப்பி விட்டாரு, நாலு பேரும் சேந்து போனோம், அன்னைக்குச் சுத்துன சூட்டுல இருந்துதான் எல்லாருக்கும் ஆரம்பம்.

நீ உங்க ரூம்ல எப்படிப் பகுந்து குடுத்தியோ, அதே மாதிரி நானும் என் பங்கை அவனுகளுக்குப் பகுந்து குடுத்துட்டேன். பழைய மிச்சமும் புதுசும் சேத்து, ஆளுக்குக் கொஞ்சம். நீ கோவிச்சுக்க மாட்ட. உன்கிட்டதான் படிச்சேன். அடுத்த லோடுல இன்னும் மூணு பங்கு வாங்கி அனுப்பு, எல்லாரும் ஒண்ணாத் தின்னு முடிச்சுருவோம்.

உனக்கு ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன். மயில் கழுத்து நிறம். தீவாளிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துருவேன். அம்மாகிட்ட நான் வந்து பேசிக்கிறேன்.

உன் வேலுச்சாமி


ஆனைக்குட்டம்
14.10.2024

வேலுச்சாமிக்கு,

பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு, எழுதிட்டேன்.

உங்க லெட்டரை முதல் தடவை படிக்கும்போது சேலை எடுத்து வச்சிருக்கீகன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு. மறுபடி படிச்சேன். மூணாவது தடவை படிச்சுட்டுக் கிணத்தடியில போயி உக்காந்துட்டேன்.

எங்க ரூம்ல நாலு பேருக்கு ஒரே எரிச்சல் வந்துச்சு. ஏன்னா நாலு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து ஒரே மாதிரி தண்ணி குடிக்காம ஒண்ணுக்கை அடக்குனோம். அதுகூட வேற நோய். உங்க ரூம்ல நாலு பேருக்கு ஒரே எரிச்சல் வந்திருக்கு. நீங்க நாலு பேரும் எதை ஒண்ணாச் செஞ்சீக? டம்ளர்ல ஒட்டாது. சோப்புல ஒட்டாது. மூடை தூக்குற சூட்டுல வராது. ஹோலிக்குப் போனீக. அடுத்த பத்து நாள்ல பங்குனிப் பொங்கல்னு வீட்டுக்கு வந்தீக. சித்திரையில எனக்கு ஆரம்பிச்சுருச்சு. இதுக்கு டாக்டர் வேண்டாம், எனக்கே வழி தெரியுது.

வெள்ளிக்கிழமை செவ்வந்திய டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவளுக்கும் என்னுதுதான். அவளும் என்னை மாதிரி, ஃபேக்டரிச் சூடு, ஃபேக்டரிச் சூடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவதான். உங்க லெட்டரை அவளுக்குக் காட்டல. வாயால சொன்னேன். அவ பூச்சட்டி அடைச்சுக்கிட்டே இருந்தா. கண்ணுல இருந்து தண்ணி மருந்துல விழுந்துரக் கூடாதுன்னு தோள்ல துடைச்சுக்கிட்டே அடைச்சா. அதைப் பாத்த பெறகு உங்க மேல எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

நீங்க என்னைக் கேட்டீகளே, "உனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சு"ன்னு. எப்படிய்யா மனசு வந்துச்சு? உங்க உடம்புல எரிச்சலை வச்சுக்கிட்டே, ஒரு கிழட்டு மனுசன் பைக்கை இழுத்தீகளே. உங்க அம்மா எனக்குத் தனி டம்ளர் வைக்கும்போது, நீங்க "அவக பழைய ஆளு"ன்னு ஒரு வரி எழுதிட்டு ராய்ப்பூரு ஆர்டருக்குப் போயிட்டீக. எம் பிள்ளை என் துணியத் தனியாத் துவைச்சுச்சு. அது இனி எத்தனை வருசம் ஞாபகம் வச்சிருக்குமோ.

சரி. வேலைக்கு வருவோம்.

மூணு பங்கு கேட்டீக. ஆளைப் பாக்காமக் குடுக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. செவ்வந்தி சார்பா சங்கிலிமுத்துக்கு ஒரு பங்கு குடுத்தாக. உங்களுக்கு மறுபடி ஒண்ணு. ரெண்டு பொட்டலத்துலயும் பேரு எழுதியிருக்கேன். மத்த ரெண்டு பேரும் அங்கன ஒரு டாக்டரைப் பாக்கணும், இதோட வேற ஏதாவது ஒட்டியிருக்கான்னு டெஸ்டும் எடுக்கணும். டெஸ்டு நீங்களும் சங்கிலிமுத்துவும்கூடத்தான் எடுக்கணும். வெக்கமா இருந்தா ஹோலிக்குப் போனப்ப எங்க போயிருந்துச்சு அந்த வெக்கம்? அவனுக பொண்டாட்டிகளுக்கும் சொல்லணும். சொல்லாம விட்டா அவளுகளும் சூடு, சூடுன்னு தண்ணியத்தான் குறை சொல்லிக்கிட்டு இருப்பாளுக.

அரைப் பங்கு, கால் பங்குன்னு தின்னா எல்லாருக்கும் பாதிதான் போகும், மிச்சம் உள்ள உக்காந்துக்கும். நான் பகுந்து குடுத்ததுக்கு எனக்குக் கிடைச்ச திட்டு இது, உங்களுக்கு இனாமாச் சொல்லுறேன்.

கடைசியா ஒண்ணு. தீவாளிக்கு வந்து அம்மாகிட்ட பேசிக்கிறேன்னு எழுதியிருக்கீக. வேண்டாம். வாறதுக்கு முன்னாடி பேசணும். போன்ல பேசணும். "அப்ப எதுலதான் ஒட்டும்?"னு அவக கேட்டாகள்ல. அதுக்குப் பதில் நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லணும். எங்கன இருந்து வந்துச்சு, யாரு கொண்டுவந்தாகன்னு சொல்லணும். சொல்லிட்டு வந்தீகன்னா கதவு திறந்திருக்கும். சொல்லாம வந்தீகன்னா மயில் கழுத்துச் சேலைய நீங்களே கட்டிக்கோங்க.

முருகேஸ்வரி


நாக்பூர்
20.10.2024

முருகேசு,

உன் லெட்டரை ரெண்டு நாளா மூடைச் சந்துல உக்காந்து மறுபடி மறுபடி படிச்சேன். பொய் சொல்ல ஒண்ணும் இல்ல. நீ எழுதுனது எல்லாம் சரி. ஹோலி அன்னைக்குத்தான். குடிச்சிருந்தோம்னு சொல்லுவேன், அதுக்கும் நீ ஒண்ணு சொல்லுவ. விட்டுறேன்.

போர்மேன் பேரை எழுதுனேன்ல. அதுக்குத்தான் எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. எரிச்சல் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு, உன் மேல தள்ளிட்டா என்னுது இல்லன்னு ஆயிரும்னு நெனச்சேன் போல.

சங்கிலிமுத்து செவ்வந்திகிட்ட பேசுனான். போனை வச்சுட்டுத் தலைக்குத் துண்டைப் போட்டுக்கிட்டுப் படுத்துட்டான். மத்த ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போனோம். ரத்தம் எடுத்தாக. வேற ஒண்ணும் இல்லைன்னுட்டாக. ஆளுக்குத் தனியாச் சீட்டு, தனியா மாத்திரை. பகுந்துக்கல. நான் முதல்ல இருந்து தின்னுக்கிட்டு இருக்கேன், தீவாளிக்கு முன்னாடி முடிஞ்சுரும்.

நேத்து அம்மாவுக்குப் போன் பண்ணேன். எழிலைக் கடைக்கு அனுப்பச் சொல்லிட்டுத்தான் சொன்னேன். எங்கன இருந்து வந்துச்சுன்னு சொன்னேன். நான்தான் கொண்டுவந்தேன், முருகேசு மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொன்னேன். அம்மா போனை வச்சுட்டாக. என்ன நெனச்சாகன்னு தெரியல.

நான் வரவா, வேண்டாமா? ஒரு வரி எழுது. காமராஜ் அண்ணன் திரும்ப வாற லோடுதான் கடைசி.

வேலுச்சாமி


ஆனைக்குட்டம்
24.10.2024

எழில் அப்பாவுக்கு,

வாங்க.

முழுசா முடிச்சுட்டு வாங்க. மூணு நாள் கணக்கையும் விட்டுறாதீக, வழியில எவனாவது ஊத்திக் குடுப்பான். பாய் தனியாத்தான், அது எம்புட்டு நாளைக்குன்னு எனக்கே தெரியாது. அதைக் கேக்காதீக. நான் இன்னும் மன்னிச்சுறல. ஆனா நீங்க வாயத் திறந்து சொன்னீகள்ல, அது எனக்குப் பெருசு. செவ்வந்தியும் அவ வீட்டுக்காரரை வரச் சொல்லிட்டா. அவ என்னை விட இளகுன மனசு.

உங்க அம்மா கதையச் சொல்லணும். நீங்க போன் பண்ண அன்னைக்குச் சாயங்காலம் நான் ஃபேக்டரியில இருந்து வந்தேன். அவக என்னை ஏறிட்டுப் பாக்கல. கால் கழுவிட்டு உள்ள போனா, என் டம்ளர் பழையபடி எல்லா டம்ளரோடயும் அடுக்குல இருக்கு. சோப்பு ஒண்ணுதான் இருக்கு. எழில் படுக்கை என் பக்கத்துல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல, அவக வாயில வரவும் வராது. ராத்திரி தட்டுல எனக்கு மட்டும் ஒரு முட்டை கூட வச்சிருந்தாக. நானும் தின்னுட்டேன்.

நேத்து காலையில பாத்திரக் கடைக்குப் போயிட்டு வந்தாக. எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு, அதுல உங்க பேரு வெட்டியிருக்கு. அதோட ஒரு தனிச் சோப்பு. கொண்டு வந்து வாசல் பக்கத்து மாடத்துல வச்சுட்டாக. "என் மகன் வந்தா இதுலதான் குடிக்கணும்"னாக.

டம்ளர்ல ஒட்டாது அத்தைன்னு சொன்னேன். கேக்கல.

நானும் அதுக்கு மேல சொல்லல.

முருகேஸ்வரி